உடனிகழ்ச்சி

பாடசாலைகளிற் சைவமும் தமிழும் கற்பிக்கும் ஆசிரிய அன்பர்களே! இம்முறை நாம் எடுத்துக்கொண்ட பொருள் ஒரு சொல்லேயாம். இரண்டு செயல்கள் முன்பின் என்னும் முறையின்றி ஒரே காலத்தில் நிகழ்தலை உணர்த்துதற்கு நம் இலக்கண நூலார் வழங்கிய 'உடனிகழ்ச்சி' என்பதே அச்சொல். ஒரு சொல்லின் பொருளை ஆராய்தற்குச் சமய சஞ்சிகையில் இத்துணை இடம் வேண்டுமோ என்று வினவுவாரும் உளர். அச்சொல்லின் பொருள் பிழைபட உணரப்பட்டமையால் ஒரு பெண்பிள்ளை பதினொரு வருடம் தலைகுனிந்து நடந்ததை நாம் ஹட்டன் மலைப்புறத்திலே கண்டோம். அப்பிழையில் எமக்கும் ஒரு பங்குண்டு. ஆதலின் எழுதத் துணிந்தோம்.

முதலிற் சொல்லைப் பார்ப்போம். 'உடன்' என்பது கூட நிற்றலை உணர்த்தும் இடைச்சொல். உடன்பிறந்தார் என்றால் ஒரே நாழிகையிற் பிறந்தவர் அல்லர். ஒரு வயிற்றிற் பிறந்தவர். உடன்பாடு என்பது இருவர் கருத்து ஒன்றுபடுதல். உடந்தை என்பது குற்றத்திற் கூட நின்றமை. நம் ஆலய அழைப்பிதழ்களிலே அம்பாளின் திருநாமத்தை முன்வைத்து 'உடனுறை' என்றெழுதிச் சுவாமியின் திருநாமத்தை அடுத்து வைக்கின்றோம். ஆண்டு அம்மையும் அப்பனும் எக்காலமும் பிரியாதிருத்தல் அச்சொல்லாற் பெறப்படுகின்றது. இவ்விடங்களில் எல்லாம் 'உடன்' என்பது ஒருங்கிருத்தலையே குறித்தது. ஆயினும் இக்கால வழக்கிலே அது மெல்ல நழுவி, 'அடுத்த கணத்தில்' என்னும் பொருளில் வந்து நிற்கின்றது. 'மணி அடித்தவுடன் வந்தான்' என்கின்றோம். மணி முன், வருகை பின். 'உடனே செய்' என்று பிள்ளையை ஏவும்போது எம் ஏவலும் அதன் செயலும் ஒரே கணத்தில் நிகழ வேண்டுமென்று எந்த உபாத்தியாயரும் எதிர்பார்ப்பதில்லை. இங்ஙனம் ஒருங்கிருத்தலைக் குறித்த சொல்லே முன்பின்னைக் குறிக்கும் சொல்லாயிற்று. வடமொழியிலே இப்பொருட்கு 'யுகபத்' என்னும் சொல் உண்டு; அது நுகம் எனப் பொருள்படும் யுகத்தோடு தொடர்புடையது. ஒரு நுகத்திற் பூட்டிய இரண்டு எருதுகளில் எது முன் சென்றது என்று கேட்பாரில்லை. நாம் மிஷன் பாடசாலையிற் படித்த காலத்தில் எமக்கு ஆங்கிலம் கற்பித்தவர், அம்மொழியில் இதற்கு வழங்கும் சொல் 'ஒருங்கு' எனப் பொருள்படும் 'சிமுல்' என்னும் இலத்தீன் சொல்லடியாகப் பிறந்தது என்று கூறினார். மூன்று மொழியும் கூட்டத்தையே அடியாகக் கொண்டன. காலத்தைப் பின்னரே ஏற்றின.

இனி இலக்கணத்திற்கு வருவோம். பவணந்தி முனிவர் மூன்றாம் வேற்றுமைக்குக் கருவி, கருத்தா, உடனிகழ்வு என மூன்று பொருள் வகுத்தார். இவற்றுள் உடனிகழ்வுக்கு உரியன ஒடு, ஓடு என்னும் உருபுகள். 'ஆசிரியரொடு மாணாக்கர் வந்தனர்' என்பதில் வருதல் என்னும் வினை இருவர்க்கும் ஒக்கும். இங்கே ஒரு நுட்பம். உருபு உயர்ந்தவரைச் சார்ந்தே வரும் என்பது தொல்காப்பியர் கொள்கை. வினை ஒன்றாயினும் நிலை ஒன்றன்று. இதனைப் பின்னர்த் திருவருளைப் பற்றிப் பேசும்போது நினைவிற் கொள்க.

எமக்கு வேண்டுவது இதனினும் 'செய' என்னும் வாய்பாட்டு வினையெச்சமே. இது காரணப்பொருளிலும், காரியப்பொருளிலும், உடனிகழ்ச்சிப்பொருளிலும் வரும் என்று கீழ்வகுப்புப் பிள்ளையும் ஒப்புவிக்கும். ஆறுமுக நாவலர் அவர்கள் இயற்றிய இலக்கணச் சுருக்கம் முதலாக எத்தனையோ பாடநூல்களில் இதற்கு மழையையும் நெல்லையும் உதாரணமாகக் காண்கின்றோம். வயலைக் காணாத எம் மலைப் பிள்ளைகளுக்கு நாம் வேறு உதாரணம் சொல்வதுண்டு. 'தப்பு ஒலிக்கப் பிரட்டுக்குச் சென்றனர்' என்பதில் தப்பொலி காரணம். 'கூடை நிறையக் கொழுந்து கொய்தாள்' என்பதில் நிறைதல் காரியம். கொய்தலின் பயன் அது. 'மூடுபனி இறங்கக் கொழுந்து கொய்தாள்' என்பதிலோ பனிக்கும் கொய்தலுக்கும் ஒன்றோடொன்று யாதொரு கொடுக்கல் வாங்கலும் இல்லை. பனி தன்பாட்டில் இறங்கிற்று. அவள் தன்பாட்டிற் கொய்தாள். காலம் மாத்திரம் ஒன்று. இம்மூன்றிலும் எச்சத்தின் உருவம் ஒன்றே என்பதைக் கவனிக்க. ஒலிக்க, நிறைய, இறங்க எனச் சொல் ஒருவாறே முடிந்து நிற்கின்றது. பொருளைக் கேட்போனே தெரிந்துகொள்ளல் வேண்டும். தமிழின் இச்சுருக்கம் அழகுடையதுதான். ஆபத்தும் உடையது.

சிவனொளிபாத மலையில் வைகறைக் காட்சியைக் கண்ட ஆசிரியர்கள் எம்முட் பலர். ஹட்டனிலிருந்து மஸ்கெலியா வழியாகச் சென்று, இரவெல்லாம் படியேறி, 2243 மீற்றர் உயரமான உச்சியில் நடுங்கிக்கொண்டு நிற்கும்போது கிழக்கே ஞாயிறு தோன்றும். தோன்றவே, மேற்கே மலையின் நிழல் முக்கோணமாக மூடுபனிமேல் விழும். அக்கணத்தில் அடியார்கள் உச்சியிலுள்ள மணியை ஒலிப்பர். 'ஞாயிறு எழ நிழல் விழுந்தது. ஞாயிறு எழ மணி ஒலித்தது.' முன்னையதில் ஞாயிறு காரணம். பின்னையதில் அவ்வாறன்று, மணியை ஒலித்தவன் யாத்திரிகன், எத்தனை முறை மலையேறினானோ அத்தனை முறை ஒலிக்கின்றான். இரண்டு வாக்கியமும் ஒரே அச்சில் வார்த்தன. இவ்வேறுபாட்டை நாம் வகுப்பில் ஐந்து நிமிஷத்திற் சொல்லி முடித்து அடுத்த பக்கத்திற்குச் சென்றுவிடுவது வழக்கமாயிருந்தது.

2008 ஆம் ஆண்டிலே ஏழாம் வகுப்பில் இப்பாடத்தை நடத்திக்கொண்டிருந்தோம். பின்வரிசையில் இருந்த பிள்ளை ஒருத்தி, என்றும் வாய்திறவாதவள், எழுந்து நின்றாள். "சேர், 'இவ பொறக்க அவரு போனாரு' எண்டு சொன்னா அது காரணமா, சேர்?" என்று கேட்டாள். வகுப்பிற் சில பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டனர். அவர்களுக்குச் செய்தி தெரியும்; எமக்குத் தெரியாது. நாம் ஏதோ பழமொழி கேட்கின்றாள் என்றெண்ணி, "யார் போனது?" என்றோம். "எங்க தாத்தா, சேர். நான் பொறக்கயில." உடனே எம் வாயில் வந்த விடை, "அது அவரவர் வினை, மகள், இரு" என்பதே. அவள் இருந்தாள். அவரவர் என்று நாம் சொன்னது பாட்டனாரைக் கருதி. அவள் கேட்டது தன்னை. தன் வினையே தாத்தாவைக் கொன்றது என்று சைவ சமய ஆசிரியரே கூறிவிட்டதாக அப்பிள்ளை கொண்டுபோனாள் என்பதை அவள் தாயார் ஒரு கிழமைக்குப் பின் வந்து அழுதபோதே அறிந்தோம்.

நடந்தது இது. 1996 ஆம் ஆண்டு ஐப்பசி மாதத்து மழையிரவொன்றிலே, ஒரு தோட்டத்து லயத்தின் ஓர் அறையில் இப்பிள்ளை பிறந்தாள். அதே லயத்தில் மூத்த மகனுடைய அறையில் நெடுநாள் நோயுற்றிருந்த பாட்டனார் அவ்விரவே உயிர்நீத்தார். விடியுமுன் இரண்டு செய்தியும் லயமெங்கும் சேர்ந்தே பரவின. பேர்த்தியின் முகத்தைப் பார்த்த அப்பாயி, துக்கத்தில் ஒரு வார்த்தை சொன்னார்: இவ பொறக்க அவரு போனாரு. கணவனை இழந்த கிழவியின் வாயில் வந்த அவ்வார்த்தையைக் குற்றங்கூறோம். அது அன்றோடு நின்றிருந்தால் கேடில்லை. பெயர்சூட்டும்போது அது சொல்லப்பட்டது. காது குத்தும்போது சொல்லப்பட்டது. அயல்வீட்டுக் கல்யாணத்திற்குப் பிள்ளையை முன்னே நிறுத்தாதே என்று சொல்லும்போதும் அதுவே சொல்லப்பட்டது. வருந்திக் கூறிய ஒரு வினையெச்சம் பிள்ளைக்குப் பட்டப்பெயராயிற்று. தோட்டப்புறத்தில் மாத்திரந்தான் இவ்வாறு நிகழும் என்று யாழ்ப்பாணத்து அன்பர்கள் எண்ணிவிட வேண்டா. 'காலடி எடுத்து வைத்த நேரம்' என்று மருமகளைச் சொல்லாத வீடு எந்த ஊரிலுண்டு?

தாயார் சென்றபின் நாம் அந்த லயத்திற்குப் போனோம். எம்முடைய நோக்கம் ஆராய்ச்சியன்று. செய்த பிழையைத் திருத்துதலே. ஆயினும் பேச்சிலே ஓர் உண்மை வெளிப்பட்டது. அன்றிரவு ஒரே நிமிஷத்தில் இரண்டும் நிகழ்ந்தன என்று எல்லாரும் உறுதியாகக் கூறினர். எந்தக் கடிகாரப்படி என்று கேட்டோம். வாசகர்களுட் சிலருக்கு நினைவிருக்கும்: 1996 மே மாதத்தில் மின்சாரத் தட்டுப்பாடு காரணமாக இலங்கையிற் கடிகாரங்கள் ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளப்பட்டன, ஒக்டோபரில் அரை மணித்தியாலம் பின்னே இழுக்கப்பட்டன, 2006 ஏப்ரலிலேதான் பழைய நேரத்துக்கு மீண்டோம். இடையில் ஒரு சிறு தீவுக்குள்ளேயே ஒரு பகுதியிற் பழைய நேரமும் மற்றப் பகுதியிற் புதிய நேரமுமாக வழங்கிய காலமும் இருந்தது. பஞ்சாங்கம் பார்ப்போர் எவ்வளவு அல்லற்பட்டனர் என்பதைச் சொல்லவேண்டியதில்லை. அந்த லயத்திலும் ஓர் அறையின் கடிகாரம் திருத்தப்பட்டிருந்தது; மற்ற அறையினது திருத்தப்படவில்லை. இரண்டும் காட்டிய எண் ஒன்றாயின், நிகழ்ச்சிகளுக்கு இடையே அரை மணித்தியாலம் இருந்திருத்தல் வேண்டும். எது முன், எது பின் என்பது எவர்க்கும் தெரியாது. இதைக் கேட்ட பெரியப்பன்மார் சிறிது நேரம் பேசாதிருந்தனர்.

ஆனால், அன்பர்களே, கடிகாரத்தை நம்பி எம் வழக்கை நிறுத்துதல் கூடாது என்பதை அன்றிரவே உணர்ந்தோம். இரண்டும் மெய்யாகவே ஒரே கணத்தில் நிகழ்ந்திருந்தால் என் செய்வது? அப்போது பிள்ளை குற்றவாளியாய்விடுவாளோ? ஆதலின் தர்க்கத்தையும் சாத்திரத்தையும் நாடினோம்.

தர்க்க நூலார் கூறும் உவமைகள் சில இங்கே உதவும். நூறு தாமரையிதழ்களை அடுக்கி ஓர் ஊசியாற் குத்தினால் எல்லாம் ஒருங்கே துளைபட்டனவாகத் தோன்றும். மெய்யில் ஒன்றன்பின் ஒன்றாகவே துளைபட்டன. இது ஒருங்கு நிகழாதது ஒருங்கு நிகழ்ந்ததாகத் தோன்றுதற்கு. காகம் உட்காரப் பனம்பழம் விழுந்தது என்பது எல்லாரும் அறிந்தது. பனையையே காணாத பிள்ளைகளுக்கு நாம் யூக்கலிப்டஸ் மரத்தின் பட்டகொம்பைச் சொல்கின்றோம். இப்பழமொழியும் 'உட்கார' என்னும் செயவெனெச்சத்தையே கொண்டு நிற்பதைக் காண்க. எம் முன்னோர் அவ்வெச்சத்தின் ஆபத்தை அறிந்தே அதற்கு மருந்தும் அதே வாய்பாட்டிற் செய்துவைத்தனர் போலும். மூன்றாவது, ஆவின் இரு கொம்புகள். இடக்கொம்பும் வலக்கொம்பும் ஒருங்கு தோன்றுவன. அவற்றுள் ஒன்று மற்றொன்றுக்குக் காரணமாதல் இல்லை. ஒருங்கு தோன்றியமையே காரணமன்மைக்குச் சான்று என்று வாதிகள் இதனை எடுத்தாளுவர். இரண்டு கொம்பிற்கும் காரணம் பசுவின் உடல்.

மேனாட்டு விஞ்ஞானமும் இவ்விடத்தில் ஒரு வார்த்தை சொல்லுகின்றது. ஐன்ஸ்டைன் என்பவர் 1905 ஆம் ஆண்டிலே, தூரத்திலுள்ள இரண்டு நிகழ்ச்சிகள் தரையில் நிற்பவனுக்கு ஒரே காலத்தனவாயினும் ஓடும் புகையிரதத்தில் இருப்பவனுக்கு அவ்வாறாகா என்று காட்டினார். பதுளைக்குச் செல்லும் எம் மலைப் புகையிரதத்தின் வேகத்தில் அந்த வேறுபாடு அளக்கத்தக்கதன்று என்பது வேறு. அவர் கொள்கையினின்று பெறப்படும் ஒன்று எமக்கு மிகவும் இனிது: எந்த இரண்டு நிகழ்ச்சிகளின் முன்பின் முறை காண்பாரைப் பொறுத்து மாறக்கூடுமோ, அவற்றுள் ஒன்று மற்றதற்குக் காரணமாதல் இயலாது. ஆவின் கொம்பைக் கூறிய எம்மவர் இதனைக் கேட்டால் தலையசைப்பர்.

இனிச் சாத்திரம். நாம் "அவரவர் வினை" என்று கூறியது பொய்யன்று, அரைகுறை. அருணந்தி சிவாசாரியர் சிவஞான சித்தியாரிலே, பெறுதலும் இழத்தலும், இன்பமும் நோயும், முதுமையும் மரணமும் ஆகிய ஆறும் ஒருவன் கருவிலிருக்கும்போதே அவனுக்கு அமைந்துவிடுகின்றன என்று அருளினார். இதனைப் பிள்ளைகளை அச்சுறுத்தவே பலரும் எடுத்தோதுகின்றனர். இதன் மறுபக்கத்தைப் பார்மின். பாட்டனாருடைய சாவு எப்போது அமைந்தது? அவர் தம் தாயின் வயிற்றில் இருந்தபோது. அப்போது இப்பேர்த்தி எங்கே? அவள் தாயும் பிறக்கவில்லை. எவ்வளவோ காலத்துக்கு முன் வேறொரு கருவில் எழுதப்பட்ட எழுத்தை ஒரு பச்சிளங்குழந்தை தன் பிறப்பினால் எழுதிற்று என்பது சித்தாந்தத்துக்கு முற்றும் மாறு. வினை செய்தவனையே சாரும். அறிவற்ற வினை தானாக வந்து சாராது. செய்தவனை அறிந்து சேர்ப்பவன் இறைவன். அவன் கணக்கிலே முகவரி மாறிப் போவதில்லை. ஒருவன் வினைப்பயனை இன்னொருத்தி மேல் ஏற்றுவோர், தாம் அறியாமலே இறைவனுக்குத் தவறு கற்பிக்கின்றனர்.

இங்கே ஓர் ஆசங்கை எழும். விளக்கு வர இருள் நீங்கிற்று என்பதில் இரண்டும் ஒருங்கு நிகழ்கின்றன. ஆயினும் விளக்கே காரணம். பாசநீக்கமும் சிவப்பேறும் உடனிகழ்வன என்று நம் ஆசிரியர்கள் இவ்வுவமையாலேயே விளக்குவர். ஆகவே உடனிகழ்வன யாவும் காரண காரியம் அல்லவென்று எவ்வாறு கூறலாம்? கூறவில்லை. ஒளிக்கும் செலவுக்காலம் உண்டென்பர் விஞ்ஞானியர். ஒளி சேர்ந்த இடத்தில் இருள் நில்லாது என்பதே உவமையின் கருத்து. ஒளிக்கும் இருளுக்கும் பகை இயற்கையில் உள்ளது. எங்கே, எப்போது, எந்த விளக்கை ஏற்றினாலும் இருள் நீங்கும். பிள்ளை பிறக்கப் பாட்டனார் இறத்தல் அவ்வாறு இயற்கையோ? அந்த லயத்திலேயே எத்தனை பிள்ளைகள் பிறந்தனர். எத்தனை பாட்டன்மார் சுகமாக இருந்து பேரப்பிள்ளைகளுக்கு மிட்டாய் வாங்கிக் கொடுத்தனர்! ஒருமுறை சேர்ந்தது காகமும் பழமும். எப்போதும் சேர்வது விளக்கும் இருணீக்கமும். இவ்விரண்டையும் பகுத்துணர்தலே பிள்ளைகளுக்கு நாம் கற்பிக்கவேண்டிய தர்க்கம். இதற்குப் பெரிய நூல் வேண்டா.

எம் பாடசாலை மண்டபத்தில் நடராசப் பெருமான் திருவுருவப் படம் ஒன்று உண்டு. உங்கள் பாடசாலையிலும் இருக்கும். வெள்ளிக்கிழமை தோறும் அதன் முன்னே நின்று ஐந்தொழிலை ஒப்புவிக்கச் செய்கின்றோம். துடியிற் படைப்பு, அமைந்த கரத்திற் காப்பு, ஏந்திய தீயில் ஒடுக்கம், ஊன்றிய திருவடியில் மறைப்பு, தூக்கிய திருவடியில் அருள். பிள்ளைகள் ஒன்று, இரண்டு என்று விரல்மடித்து எண்ணுவதால் முதலிற் படைப்பும் கடைசியில் அருளும் நிகழ்வதாக எண்ணிவிடுகின்றனர். நாமும் கரும்பலகையில் இலக்கமிட்டு எழுதி அவ்வெண்ணத்தை வளர்க்கின்றோம். படத்தை உற்றுநோக்குமின்! துடி ஒலித்து முடிந்தபின் தீயை எடுப்பதாகவா காட்டியிருக்கின்றது? வலக்கை ஒன்றில் துடியும் இடக்கை ஒன்றில் தீயும் ஒரே கணத்தில், ஒரே உயரத்தில் உள்ளன. துடி ஒலித்தமையால் தீ மூண்டது என்று எவரும் கூறார். இரண்டு கையும் ஒருவன் கை. ஆவின் கொம்புக்கு உடல்போல, இவ்விரண்டு தொழிற்கும் முதல் அவ்விறைவன். அன்றிரவு அந்த லயத்தின் ஓர் அறையில் துடி ஒலித்தது; மற்றோர் அறையில் தீ ஏந்தப்பட்டது. ஒரு வாசலில் வரவேற்பும் மறு வாசலில் வழியனுப்புதலுமாக ஒரே அருள் இரண்டிடத்தும் நின்றது. இதனை அப்பாயிக்கு நாம் சொன்னபோது அவர் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். தெளிந்தார் என்று கூறமாட்டோம். பன்னிரண்டு வருடத் துக்கம் ஒரு பிரசங்கத்தாற் கரைவதில்லை. "எங்களுக்கு யாரு இப்புடிச் சொன்னா, வாத்தியாரையா?" என்று மாத்திரம் கேட்டார்.

அவ்வினா எம்மை வருத்திற்று, இன்றும் வருத்துகின்றது. உயிரோடு இறைவன் ஒன்றாய், வேறாய், உடனாய் நிற்கின்றான் என்று நாம் பரீட்சைக்கு மனனஞ் செய்விக்கின்றோம். கலப்பினால் உடலும் உயிரும்போல ஒன்று. பொருட்டன்மையாற் கண்ணும் ஞாயிறும்போல வேறு. கண்ணொளியோடு உயிரின் அறிவு கூட நின்றே காண்பதுபோல உடன். இவற்றுள் உடனாதல் என்பதே சாமானிய மனிதர்க்கு வேண்டுவது. ஒன்றாதலை அவர் அறியார். வேறாதலை நன்றாக அறிவார். கொழுந்து நிறுக்கும்போதும், லயத்துக் கூரை ஒழுகும்போதும், பிரசவ வேதனையிலும், உயிர்பிரியும் கணத்திலும் கூட நிற்பவன் ஒருவன் உளன் என்பதைச் சொல்வாரில்லாமலே அந்த லயத்தில் இரண்டு தலைமுறை கழிந்தது. முன்னே சொன்ன ஒடு உருபை இங்கே கூட்டிப் பார்க்க: இறைவனொடு உயிர் என்கின்றோம். உருபு உயர்ந்தவனைச் சார்ந்தது. வினையில் இருவரும் கூட உளர். நாம் அழுதபின்னர் அவன் வருகின்றான் என்பது 'வந்தவுடன்' என்னும் இக்கால உடன். அழும்போதே நிற்கின்றான் என்பது சாத்திரத்தின் உடன்.

அதன்பின் செயவெனெச்சப் பாடத்தை நாம் ஐந்து நிமிஷத்தில் முடிப்பதில்லை. இரண்டு பாடவேளை எடுக்கின்றோம். பிள்ளைகள் தத்தம் வீட்டிற் கேட்ட வாக்கியங்களைக் கொண்டுவரவேண்டும். அவை காரணமா, காரியமா, உடனிகழ்ச்சியா என்று தாமே வகுக்கவேண்டும். 'பல்லி சொல்லப் புறப்பட்டார்', 'பூனை குறுக்கே போகப் பஸ் பிழைத்தது', 'அக்கா வயசுக்கு வரக் கடன் வந்தது' என்று எத்தனையோ வந்து குவியும். சிலவற்றில் வகுப்பே இரண்டுபட்டு வாதாடும். சடங்குச் செலவினாற் கடன் வந்ததாயின் அது காரணந்தானே என்று ஒரு பையன் மடக்கினான். ஒப்புக்கொண்டோம், ஆனால் குற்றம் சடங்கின் ஆடம்பரத்திலா அக்காளிலா என்றும் கேட்டோம். இலக்கணப் பாடம் சமய பாடமாயிற்று.

அப்பிள்ளை அவ்வருடத் தவணைப் பரீட்சையில் மூன்று பொருட்கும் உதாரணம் எழுதினாள். முதலிரண்டும் நாம் கூறியவையே. மூன்றாவதற்கு, 'நான் பிறக்க தாத்தா இறந்தார். உடனிகழ்ச்சி.' என்றிருந்தது. 'பிறக்கத் தாத்தா' என வலி மிகவேண்டும். சிவப்பு மையால் அந்தத் தகரவொற்றை இட்டு, முழுப்புள்ளியும் கொடுத்தோம்.